ஆப்பிரிக்கப் பேரரசுகளும் அகழ்வாராய்ச்சியும்

சரித்திரம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடனே நம் மாணவர் மனத்தில் எழுவன ஏடுகளும் கல்வெட்டுகளும் அரசர் வமிசாவளிகளுமேயாம். எழுதி வைத்தோருக்குச் சரித்திரம் உண்டு, எழுதி வையாதோருக்கு அஃதில்லை என்பது, எவரும் வெளிப்படக் கூறாமலே எல்லாரும் ஒப்புக்கொண்டதொரு கொள்கை போல நம்மிடையே நிலவுகின்றது. எகிப்து, பாபிலோன், கிரேக்கம், ரோமாபுரி, சீனம் என வரிசையாகப் பயின்று வந்த மாணவன் ஒருவனை, எகிப்துக்குத் தெற்கே கிடக்கும் பெருங்கண்டத்தில் போர்த்துக்கேசியர் மரக்கலம் வந்து சேருமுன் யாது நிகழ்ந்தது என்று வினவினால், அவன் விழிப்பானேயன்றி விடை கூறான். குற்றம் அவனுடையதன்று. ஹெகல் என்னும் ஜெர்மானியத் தத்துவ ஞானியே தம் சொற்பொழிவுகளில், ஆப்பிரிக்கா உலக சரித்திரத்தின் பகுதியன்று என்று அதனை ஒதுக்கிவிட்டார். அவர் அந்நாட்டைக் கண்ணாற் கண்டவரல்லர் என்று அவரை விட்டுவிடலாம். 1963-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியராகிய டிரெவர்-ரோப்பர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் செய்த சரித்திரமே உண்டு, எஞ்சியதெல்லாம் இருள் என்னும் கருத்துப்பட உரைத்தாரே, அதற்கு யாது சமாதானம் கூறுவது?

இருள் என்றது பிழை என்பது யாம் கூறவேண்டுவதன்று. எத்தியோப்பியருக்குத் தொன்றுதொட்டு எழுத்தும் நூலும் உண்டு. திம்பக்துவில் அரபு ஏட்டுப் பிரதிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. எனினும் அந்நூல்களை முன்னிட்டு வழக்காடுவது எம் நோக்கமன்று. அவ்வாறு வழக்காடின், எழுத்திருந்தாற்றான் சரித்திரம் என்னும் எதிர்க்கட்சியாரின் கொள்கையை நாமும் ஏற்றவராவோம். ஓர் எழுத்தும் விட்டுச் செல்லாத மக்களைப்பற்றி மண்ணானது சாட்சி சொல்ல வல்லதா, அச்சாட்சி நம்பத்தக்கதா என்பதே கேள்வி. வல்லது என்றும், ஆனால் அதனைக் கேட்போர் பொறுமையும் நேர்மையும் உடையராயிருந்தால் மாத்திரமே அது வாய் திறக்கும் என்றும் யாம் கருதுகின்றோம். இதற்குப் பெரிய ஜிம்பாப்வேயின் கதையினுஞ் சிறந்த உதாரணம் யாம் அறியோம்.

தென்னாப்பிரிக்காவின் வடபால் லிம்போப்போ ஆற்றுக்கும் சாம்பெசி ஆற்றுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில், மஸ்விங்கோ என்னும் ஊருக்கு அருகே அச்சிதைவுகள் உள்ளன. குன்றின்மேல் பாறைகளை இணைத்துக் கட்டிய மதில்கள் ஒருபால். கீழே பள்ளத்தாக்கில் பெருஞ்சுற்று எனப்படும் வட்ட மதில் ஒருபால். இம்மதில் சுற்றளவில் 800 அடிக்கு மேற்பட்டது. உயரம் சில இடங்களில் 36 அடி. செங்கல்லைப்போல் அளவாக உடைத்தெடுத்த கருங்கற்களை வரிவரியாக அடுக்கியிருக்கின்றனர். சுண்ணாம்போ சாந்தோ ஓரிடத்தும் இல்லை. மதிலுக்குள்ளே உட்கூடில்லாத கூம்பு வடிவக் கோபுரம் ஒன்று 30 அடி உயரம் நிற்கின்றது. மதில்களுக்கு அகத்தும் புறத்தும் மண்ணாலான வீடுகள் நெருங்கியிருந்தன. அவ்வூரில் பதினெண்ணாயிரம் மக்கள் வாழ்ந்தனர் என்று கணக்கிட்டோரும் உளர். பத்தாயிரத்தை எட்டாது என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் சிலரின் துணிபு. ஷோனா மொழியில் ஜிம்பாப்வே என்பது கல் வீடுகள் எனப் பொருள்படும். இதனையொத்த சிறிய கற்கோட்டைகள் அம்மேட்டு நிலத்தில் இருநூற்றுக்கு மேலுள்ளன.

1871-ஆம் ஆண்டில் கார்ல் மௌக் என்னும் ஜெர்மானியர் இவ்விடம் வந்து சேர்ந்தார். இடிந்த வாயில் ஒன்றின் மேற்கட்டையிலிருந்து சிறு துண்டு செதுக்கி முகர்ந்து பார்த்தார். அது தம் கையிலிருந்த பென்சிலின் மரத்தை ஒத்திருந்தது. பென்சில் கேதுரு மரத்தாற் செய்வது. கேதுரு லீபனோனில் விளைவது. லீபனோனிலிருந்து கேதுரு தருவித்தவன் சாலொமோன். சாலொமோனைக் காண வந்தவள் சேபா நாட்டு ராஜஸ்திரீ. ஆகவே இஃது அவள் அரண்மனை! ஒரு பென்சிலிலிருந்து ஒரு ராஜ்யத்தை வருவித்த இவ்வநுமானத்தைத் தர்க்க சாஸ்திரம் பயிலும் மாணவர் தவறாது குறித்துக்கொள்வாராக. அம்மரம் ஆப்பிரிக்காக் காடுகளிலேயே வளரும் வாசனை மரம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும், வேதாகமத்திற் கூறப்படும் ஓப்பீர் இதுவே என்ற பேச்சு ஒருமுறை எழுந்தபின் அடங்கவில்லை. ஓப்பீரை அரபு நாட்டிலும் நம் மேலைக் கரையிலும் தேடினோரும் உண்டு. இன்ன இடமென்று இதுகாறும் எவரும் நிலைநாட்டினாரில்லை.

மௌக் கண்டது கனவு என்று விட்டுவிடலாம். அவருக்குப் பின் வந்தோருக்கோ அக்கனவு பயன்பட்டது. 1890-இல் ஸெஸில் ரோட்ஸ் என்பாரின் கம்பெனி அந்நாட்டைக் கைப்பற்றிற்று. மறு ஆண்டே, அவர்தம் ஆதரவில், தியோடோர் பெண்ட் என்னும் ஆங்கிலேயர் அங்குச் சென்று அகழ்ந்தார். அவர் கண்டவை பெரும்பாலும் அந்நாட்டு மக்கள் அன்றாடம் புழங்கும் பானைகளையும் இரும்புக் கருவிகளையும் போன்றவையே. அவர் முடித்ததோ பினீஷியரைப் போன்ற ஒரு வடபுலத்து ஜாதியார் கட்டியது என்று. இம்முடிபின் பயன் யாதெனின், பண்டொருகால் வெளியார் வந்து ஆண்ட நாட்டை இன்று வெளியார் வந்து ஆள்வதில் புதுமை யாது என்று கேட்கலாம். கற்கட்டத் தெரியாத மக்களுக்கு நிலத்தின்மேல் உரிமை ஏது என்றும் கேட்கலாம். பழம்பொருளாராய்ச்சி நிலப்பத்திரத்தின் வேலையைச் செய்தது. 1895-இல் இச்சிதைவுகளைத் தோண்டிப் பொன் எடுப்பதற்கென்றே ஒரு கம்பெனி ஏற்பட்டது என்பதையும், அங்ஙனம் கிடைத்த பொன்னணிகளிற் பல உருக்கப்பட்டன என்பதையும் ஈண்டு ஒரு வரியிற் கூறி அப்பாற் செல்கின்றோம்.

ஆனால் அக்கொள்ளைக்காரரினும் மிகுந்த கேடு செய்தவர், சிதைவுகளைப் பாதுகாக்க நியமிக்கப்பட்ட ரிச்சர்டு ஹால் என்பவரே. 1902 முதல் 1904 வரை அவர் அவ்விடத்துக் காவலராயிருந்தார். பினீஷியர் கட்டிய கட்டிடத்தைப் பிற்காலத்துக் காப்பிரியர் குப்பை மூடிவிட்டது என்று அவர் உறுதியாக நம்பினபடியால், அக்குப்பையைப் பல அடி ஆழம் வாரி வெளியே கொட்டுவித்தார். அவர் வாரியது குப்பையன்று; அந்நகரத்தின் சரித்திரம் முழுவதும் அதுவேயாம்.

இதனை விளங்க உரைத்தல் வேண்டும். மக்கள் ஓரிடத்தில் வாழுங்கால் அவர்தம் அடுப்புச் சாம்பலும், உடைந்த கலமும், தின்ற எலும்பும், இடிந்த சுவரும் தரையில் தங்குகின்றன. அதன்மேல் அடுத்த தலைமுறையார் தரை மெழுகுகின்றனர். அதன்மேல் அவர் மக்கள். இங்ஙனம் அடுக்கின்மேல் அடுக்காக மண் உயர்கின்றது. கீழடுக்கு முந்தியது, மேலடுக்குப் பிந்தியது. ஓர் ஓட்டுத் துண்டு தனியே யாதும் சொல்லாது. அஃது எவ்வடுக்கில், எதனோடு கூட, எத்தரைக்கு மேலோ கீழோ கிடந்தது என்பது தெரிந்தாற்றான் பேசும். ஏட்டுச்சுவடியை எத்தனை முறையும் வாசிக்கலாம். வாசித்தபின் அஃது அங்கேயே இருக்கும். மண்ணேட்டை ஒருமுறையே வாசிக்கக்கூடும். வாசிக்கும்போதே ஒவ்வோரிதழும் கிழிந்து போம். ஆதலின் அகழ்வோன் தான் கண்டதைக் கண்டவாறே எழுதி வையாவிடின், அவன் செய்தது ஆராய்ச்சியாகாது. ஹால் கிழித்த இதழ்களை இனி எவரும் வாசிக்க இயலாது.

நல்வினைப் பயனாக அவர் எல்லாவற்றையும் வாரிவிடவில்லை. 1905-இல் ராண்டல்-மேக்கைவர் என்னும் அறிஞர் அங்கு வந்தார். எகிப்தில் முறைப்படி அகழ்ந்து பழகியவர். அவர் சில வாரங்களிலேயே, வீடுகளின் அமைப்பும் பாண்டங்களும் கருவிகளும் ஒவ்வொன்றும் ஆப்பிரிக்கருடையவை என்றும், அவற்றின் காலம் கிறிஸ்து பிறந்து ஆயிரமாண்டுகளுக்குப் பிற்பட்டது என்றும் துணிந்துரைத்தார். குடியேறிய வெள்ளையர் கொதித்தெழுந்தனர். ஹால் அவரை மறுத்து ஒரு பெரிய புத்தகமே எழுதினார். வழக்கு முடியாது கிடந்து, 1929-இல் பிரிட்டிஷ் ஸங்கத்தார் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்னும் அம்மையாரை அனுப்பினர். அவருடன் சென்ற இருவரும் பெண்மணிகளே. அவருள் ஒருவர், பின்னாளில் எரிகோ நகரத்தை அகழ்ந்து புகழ்பெற்ற காத்லீன் கென்யன். அம்மையார் ஹாலின் கைபடாத ஓரிடத்தைத் தேடிப் பிடித்தார். மதிலின் அடிப்படைக்குக் கீழும், கலையாத தரைகளின் கீழும் அகழ்ந்தார். கூம்புக் கோபுரத்தின் அடியில் சுரங்கமே தோண்டினார். ஆங்கெல்லாம் அந்நாட்டுப் பானையோடுகளே கிடைத்தன. கட்டியவர் ஆப்பிரிக்கர் என்பதில் ஐயத்துக்கு அணுவளவும் இடமில்லை என்பது அவர் தீர்ப்பு. அவர் குறித்த தொடக்க காலம் சிறிது முற்பட்டதாயிற்று. ரேடியோ-கார்பன் முறை தோன்றியபின், 11-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை என்று அது திருத்தம் பெற்றது. தீர்ப்பு மாத்திரம் அசையவில்லை.

உண்மை நிலைநாட்டப்பட்டவுடன் எல்லாரும் அதனை ஏற்பர் என்று நம்புதல் இளமையின் இயல்பு. 1965-இல் தன்னிச்சையாகச் சுதந்தரப் பிரகடனம் செய்துகொண்ட ரொடீஷியா வெள்ளையர் அரசாங்கம், சிதைவுகளைப்பற்றிய வழிகாட்டிப் புத்தகங்களில் ஆப்பிரிக்கரே கட்டினர் என்று அறுதியிட்டுக் கூறலாகாது என வற்புறுத்தலாயிற்று. நினைவுச்சின்னங்களின் மேற்பார்வையாளராயிருந்த பீட்டர் கார்லேக் அதற்கிசையாது 1970-இல் நாட்டைவிட்டே நீங்கினார். அவர் 1973-இல் வெளியிட்ட நூல் இப்பொருளில் இன்றும் போற்றப்படுகின்றது. ஓட்டுத் துண்டு ஒன்றின் வயதை உள்ளபடி கூறியதற்காக ஒருவர் வேலையையும் வீட்டையும் இழக்கக்கூடும் என்பதை, பழம்பொருளாராய்ச்சியை ஓய்வுநேர விளையாட்டாகக் கருதுவோர் நினைவிற் கொள்ளல் நலம். 1980-இல் அந்நாடு விடுதலை பெற்றபோது தனக்கு இட்டுக்கொண்ட பெயர் அச்சிதைவுகளின் பெயரே. சிதைவுகளினின்று எடுக்கப்பட்ட மாக்கற் பறவைகளுள் ஒன்றன் உருவம் அதன் கொடியில் இருக்கின்றது.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழலாம். பெரிய ஜிம்பாப்வேயில் சீனத்துப் பீங்கானும், பாரசீகத்துக் கிண்ணமும், கண்ணாடிப் பாசிகளும், கில்வாத் தீவின் சுல்தான் பெயர் பொறித்த செப்புக்காசும் கிடைத்தனவே, அவை வெளியார் வந்ததைக் காட்டவில்லையா என்பர். அவை வாணிகத்தைக் காட்டுகின்றன. மேட்டு நிலத்துப் பொன்னும் தந்தமும் ஸோபாலாத் துறைமுகம் சென்று, கில்வா வழியாகக் கடலேறின. மாற்றாக இவை வந்தன. ஒருவன் வீட்டில் சீனப் பீங்கான் இருந்தால் வீட்டைச் சீனன் கட்டினான் என்று எவரும் சொல்லார். அப்பொருள்களால் ஆராய்ச்சியாளர் பெறும் பெரும்பயன், காலம் அறிதலே. காலம் தெரிந்த பீங்கான் ஒரு தரையின்கீழ் அகப்படின், அத்தரை அதற்குப் பிற்பட்டது என்பது திண்ணம்.

இம்முறை நமக்குப் புதியதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலி நாட்டுச் செங்கலங்களைக் கொண்டே அடுக்குகளின் காலத்தை நிறுவினார். மேலே கூறிய கென்யன் அம்மையார் அவரோடு இங்கிலாந்தில் உடனுழைத்தவர். அடுக்கடுக்காக அகழும் முறை இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது. அரிக்கமேட்டைப்பற்றியும், யவனர் வருகையாலேயே ஊர் தோன்றிற்று என்பது போன்ற ஓர் எண்ணம் முதலில் பரவி, 1989 முதல் 1992 வரை நிகழ்ந்த அகழ்வால் அவர் வருகைக்கு முன்னரே மக்கள் அங்கு வாழ்ந்தமை தெளிவாயிற்று. தென்னாப்பிரிக்க நிலங்களிற் கிடைத்த பாசிகளுள் ஒருசாரன, அரிக்கமேட்டிற் செய்யப்பட்டவற்றைப் போன்று கண்ணாடிக் குழலை நீட்டி நறுக்கும் முறையில் ஆனவை. அவற்றின் கண்ணாடி இந்தியக் கண்ணாடியின் குணமுடையது என்று ரசாயனப் பரிசோதனை காட்டுகின்றது. இதனைக் கேட்டு நம்மவர் யாரேனும், ஆப்பிரிக்கருக்கு நாகரிகம் கற்பித்தவர் நாமே என்று மேடையேறுவாராயின், பினீஷியர் கதையைத் தமிழில் மொழிபெயர்த்தவராவார். அத்தகைய பேச்சை யாம் செவியாரக் கேட்டிருக்கின்றோம். ஆதலின் இதனைச் சொல்ல நேர்ந்தது.

பெரிய ஜிம்பாப்வேக்கு முற்பட்ட தலைநகர் ஒன்று லிம்போப்போ ஆற்றங்கரையில், தென்னாப்பிரிக்க எல்லைக்குள் இருக்கின்றது. மாபுங்குப்வே என்பது அக்குன்றின் பெயர். 13-ஆம் நூற்றாண்டில் அதன் உச்சியில் அரசரும் அடியில் குடிகளும் வாழ்ந்தனர். 1932-இல் குன்றேறிய வெள்ளையர் சிலர் கல்லறைகளிற் பொன்னைக் கண்டனர். உள்ளங்கையிலடங்கும் பொற்றகட்டுக் காண்டாமிருகம் ஒன்று அவற்றுட் புகழ்பெற்றது. வெள்ளையரும் கறுப்பரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தென்னாப்பிரிக்காவிற் குடியேறினர் என்று பள்ளிப்பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்த அரசாங்கத்துக்கு அம்மிருகம் வேண்டாத விருந்தாளியாயிற்று. பல்லாண்டுகள் அது பிரிட்டோரியாப் பல்கலைக்கழகத்தில் பொதுமக்கள் கண்ணிற்படாதே இருந்தது. இப்போது அந்நாட்டின் உயர்ந்த விருதுகளுள் ஒன்று மாபுங்குப்வேயின் பெயர் தாங்கியது. 2014-இல் ஷாத்ரெக் சிரிக்குரே என்னும் ஜிம்பாப்வே அறிஞரும் அவர் துணைவரும், மாபேலா என்னும் வேறொரு குன்றில், மாபுங்குப்வேக்கும் முந்திய கற்றளங்கள் உள்ளன என்று எடுத்துக்காட்டினர். ஒரு நகரத்திலிருந்து அடுத்த நகரம் என நேர்கோடாக எழுதிவைத்த வரலாறு இதனால் மீண்டும் கலைந்திருக்கின்றது. கலைதல் நன்றே. அந்நாட்டாரே அகழ்வோராயும் எழுதுவோராயும் வந்தபின் கேள்விகளே மாறியிருக்கின்றன.

மேற்காப்பிரிக்காவில் நிலைமை வேறு. அங்கே அரபு ஆசிரியர் எழுதிய குறிப்புகள் உண்டு. 1068-இல் ஸ்பெயின் நாட்டில் இருந்துகொண்டே அல்-பக்ரி என்பவர், வணிகர் வாய்மொழியால், கானா அரசரின் தலைநகரை வருணித்தார்: ஒன்று இஸ்லாமிய வணிகரது ஊர், மற்றொன்று சிறிது தொலைவில் அரசரது ஊர். மௌரிடானியாவின் தெற்கேயுள்ள கூம்பி ஸாலே என்னுமிடத்தில் மண்வெட்டி, கல் வீடுகளையும் பெரியதொரு மசூதியையும் வெளிக்கொணர்ந்தது. அரசரது ஊரோ இன்னும் அகப்படவில்லை. 1324-இல் மக்கா யாத்திரை சென்று கெய்ரோ நகரத்தில் பொன் விலையையே சரியச் செய்த மன்ஸா மூஸாவின் தலைநகர் எங்கிருந்தது என்பதிலும் அறிஞர் ஒருமைப்பட்டிலர். மண்வெட்டி எல்லாம் அறிந்ததன்று. அரசன் பெயரையும் போரின் காரணத்தையும் அது சொல்லாது. அவற்றை அந்நாட்டுப் பாணர் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்துவருகின்றனர். பாணர் பாட்டையும் அரபுக் குறிப்பையும் மண்ணடுக்கையும் அருகருகே வைத்துப் படிப்பதே முறை. மூன்றும் ஒத்துச் சொல்லும் இடத்தில் உறுதி பிறக்கின்றது. முரணும் இடத்தில் அடுத்த அகழ்வுக்கு வேலை பிறக்கின்றது.

அவ்வரபுக் குறிப்புகளாலேயே நெடுநாள் ஒரு பிழை நின்றது. பாலைவனம் கடந்து அரபு வணிகர் வந்தபின்னரே நைஜர் ஆற்றுவெளியில் நகரங்கள் தோன்றின என்பது அது. 1977-இல் ராடரிக் மக்கின்டாஷ், சூஸன் மக்கின்டாஷ் என்னும் தம்பதிகள் மாலி நாட்டில், ஜென்னே நகருக்கு ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவிலுள்ள ஜென்னே-ஜேனோ என்னும் மேட்டில் அகழத் தொடங்கினர். பல அடி ஆழத்தில் அடித்தரையை எட்டியபோது அதன் காலம் கி.மு. 250-ஐ ஒட்டியதாயிருந்தது. அங்கே நெல் விளைத்தனர், மீன் பிடித்தனர், இரும்பு வேலை செய்தனர். அவ்வாற்றுவெளியில் இரும்புத் தாது இல்லையாதலின் அது வெளியிலிருந்து வந்திருத்தல் வேண்டும். ஆகவே உள்நாட்டு வாணிகம் அரபியர் வருமுன்னரே செழித்திருந்தது. கி.பி. 800-ஐ அடுத்து மேடு 33 ஹெக்டேர் பரப்புடைய மதில் சூழ்ந்த நகரமாயிற்று. இத்துணை பெரிய ஊரில் அரண்மனை ஒன்றும் காணப்படவில்லை. அரசர்க்குரிய கல்லறையும் இல்லை. கொல்லர், மீனவர், உழவர் எனத் தனித்தனிக் கூட்டத்தார் அருகருகே மேடுகளில் வாழ்ந்து, ஒருவரையொருவர் ஆளாமலே ஒரு நகரமாக இயங்கினர் என்பது அவ்விருவர் கருத்து. பேரரசு எங்கே, அரியணை எங்கே என்று தேடிச் செல்லும் நம்மை இவ்வூர் சிறிது தயங்கச் செய்கின்றது. ஆப்பிரிக்கருக்கும் அரசர் இருந்தனர் என்று காட்டினாற்றான் அவருக்குப் பெருமை என்னும் எண்ணத்தை யாரிடமிருந்து கற்றோம்?

ஜென்னே-ஜேனோவைச் சூழ்ந்த மேடுகள் பலவற்றில் இன்று பள்ளம் பள்ளமாகக் குழிகள். சுடுமண் சிலைகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலை ஏறியபின் திருட்டகழ்வு பெருகிற்று. குழி தோண்டும் ஏழைக்குக் கிடைப்பது சில நாட் கூலி. சிலை கைமாறிக் கைமாறிச் செல்வர் கூடத்தைச் சேர்கின்றது. அது கிடந்த அடுக்கு அழிந்து விட்டபடியால், அதனைச் செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என்று எந்தப் பேராசிரியரும் இனிச் சொல்ல முடியாது. 1993-இல் அமெரிக்க அரசாங்கம் அப்பகுதிப் பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. 1988-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்ந்த ஜென்னே, 2016-இல் அபாய நிலையிலுள்ள இடங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

முறைப்படி இதுவரை அகழ்ந்த இடமோ அந்த 33 ஹெக்டேரில் மிகச் சிறு பங்கு. எஞ்சியதையும் விரைந்து தோண்டிப் பார்த்துவிட்டால் என்ன என்று ஆவலுள்ள மாணவர் கேட்பர். ஹால் காலத்தில் இல்லாத ரேடியோ-கார்பன் முறை இன்று நமக்குண்டு. நமக்கில்லாத முறைகள் நம் பேரர்க்கு உண்டாகும். காவல் மாத்திரம் போதிய அளவு இருக்குமாயின், அம்மேடு அவர் வரும் வரையில் மூடியே கிடக்கலாம்.